ஒரு குடும்பம், பல நாடுகள்: வெட்டின் வம்சத்தை விளங்கிக்கொள்ள

பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "அவர்கள் உண்மையில் ஜெர்மானியர்கள், 1917-இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள்" என்று யாராவது சொல்லிவிடுவார். அந்தப் பழைய பெயர் சாக்ஸ்-கோபர்க்-கோத்தா. அது ஒரு நாடா, ஊரா, குடும்பமா என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது. சாக்ஸ்-வைமார், சாக்ஸ்-மைனிங்கன், சாக்ஸ்-ஆல்டன்பர்க் என்று இன்னும் சில பெயர்கள் சேர்ந்துகொண்டால் குழப்பம் முற்றிவிடும். ஜெர்மனி போர்களில் உடைந்து துண்டு துண்டானதால் வந்த பெயர்கள் இவை என்று நினைப்பவர்கள் உண்டு. சாக்சனி என்ற ஒரே நாட்டின் மாவட்டங்கள் என்று நினைப்பவர்களும் உண்டு.

இரண்டும் தவறு. இந்தப் பெயர்கள் அனைத்தும் வெட்டின் என்ற ஒரே வம்சத்தின் கிளைகள். அவர்களுடைய நிலப்படத்தைப் போர்கள் மாற்றியதைவிட வாரிசுரிமை அதிகம் மாற்றியது. அந்த விதி ஒன்று பிடிபட்டால் போதும், பெயர்க்காடு தானாக வழிவிடும்.

பங்காளிகளின் கணக்கு

நன்செய், புன்செய், ஒரு கிணறு, ஊர்க் கோயிலில் முதல் மரியாதை, இவ்வளவும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை காலமானதும் மகன்கள் பாகம் பிரிக்கிறார்கள். நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்துவிடலாம். கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது, ஆகவே முறை வைத்து இறைக்கிறார்கள். முதல் மரியாதை ஒருவருக்குத்தான் போகும். குடும்பப் பெயரோ எல்லா மகன்களுக்கும் சொந்தம். பங்காளிகளில் ஒருவர் ஆண் வாரிசில்லாமல் இறந்தால் அவருடைய பங்கு வெளியே போகாமல் மற்றவர்களிடமே திரும்பி வருகிறது.

வெட்டின் வம்சத்தின் எழுநூறு, எண்ணூறு ஆண்டுக் கதையில் இந்த ஐந்து செயல்களும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பிரிக்கப்பட்டவை வயல்களுக்குப் பதிலாகக் கோட்டைகள், நகரங்கள், வரி வசூலிக்கும் உரிமை, நீதி வழங்கும் உரிமை. அவற்றோடு மக்களும் கைமாறினார்கள்.

மேலே ஒரு பேரரசு

இந்தப் பங்காளிகள் தனித்து நிற்கவில்லை. அவர்களுக்கு மேல் புனித ரோமானியப் பேரரசு இருந்தது. நடு ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான இளவரசர்கள், ஆயர்கள், சுயாட்சி நகரங்கள் ஆகியோரை ஒரு பேரரசரின் கீழ்த் தளர்வாகக் கட்டி வைத்திருந்த அமைப்பு அது, 1806 வரை நீடித்தது. இளவரசர்கள் தங்கள் நிலத்தைப் பேரரசரிடமிருந்து பெற்றதாகவே சட்டம் கருதியது. வாரிசு அற்றுப்போனால் அதைத் திரும்ப எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கப் பேரரசருக்கு உரிமை உண்டு.

குடும்பங்கள் இதற்கு ஒரு தற்காப்பு வைத்திருந்தன. எல்லாக் கிளைகளும் சேர்ந்தே முழு நிலத்துக்கும் உரிமை பெற்றவர்கள் என்று பேரரசரிடம் பதிவு செய்துகொண்டார்கள். இதைக் கூட்டுரிமை என்று சொல்லலாம். பிரிந்து வாழ்ந்தாலும் ஒரு கிளை அற்றுப்போகும்போது பேரரசர் கைவைக்க முடியாமல் போனது இதனால்தான்.

இன்னொரு சொல்லும் தேவை: தேர்வாளர். பேரரசர் பதவி சட்டப்படி பரம்பரைப் பதவி ஆகாது. 1356-இல் வெளியான பொன் முத்திரை ஆணை, அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஏழு பேருக்கு உறுதிசெய்தது. மைன்ஸ், ட்ரியர், கொலோன் பேராயர்கள் மூவர். பொஹீமிய மன்னர், ரைன் பலாத்தினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள் நால்வர். இந்த ஏழு பேர்தான் தேர்வாளர்கள். தேர்வாளர் பதவியோடு ஒட்டிய நிலத்தைப் பிரிக்கக் கூடாது, அது மூத்த மகனுக்கே போக வேண்டும் என்றும் அந்த ஆணை விதித்தது. நம் குடும்பக் கதையில் வரும் முதல் மரியாதை இதுதான்.

சாக்சனி என்ற பெயர் நகர்ந்த கதை

வெட்டின் என்பது ஹாலே நகருக்கு வடமேற்கே, சாலே ஆற்றங்கரையில் உள்ள ஒரு கோட்டை. குடும்பத்துக்குப் பெயர் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது. குடும்பம் வளர்ந்தது கிழக்கே, எல்பே ஆற்றங்கரையில் உள்ள மைசனில். 1089-இல் மைசன் எல்லைப் பகுதியின் ஆட்சி முதன்முதலாக அவர்களிடம் வந்தது. 1168 வாக்கில் அங்கே ஃபிரைபெர்க்கில் வெள்ளி கிடைத்தது. அப்போது ஆண்ட ஓட்டோவுக்குச் 'செல்வந்தர்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. 1247-இல் மைசனுக்கு மேற்கே உள்ள துரிங்கியாவை ஆண்ட வம்சம் அற்றுப்போனது. அதன் பெண்வழி உறவினர் என்ற முறையில் வெட்டின்கள் உரிமை கோரி, நீண்ட சண்டைக்குப் பிறகு துரிங்கியாவைப் பெற்றார்கள்.

இதுவரை இந்தக் கதையில் சாக்சனி வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய சாக்சனி வடமேற்கே, இன்று கீழ் சாக்சனி எனப்படும் பகுதியில் இருந்தது. அதை ஆண்ட சிங்க ஹென்றி 1180-இல் பேரரசரோடு மோதித் தன் பதவியை இழந்தார். சாக்சனி டியூக் என்ற பட்டம் அஸ்கானிய வம்சத்துக்குப் போனது. அவர்களின் ஒரு கிளை விட்டன்பர்க்கைச் சுற்றியுள்ள சிறு நிலத்தை ஆண்டது. 1356-இல் தேர்வாளர் உரிமை பெற்ற 'சாக்சனி' அந்தச் சிறு நிலம்தான்.

அந்தக் கிளை 1422-இல் அற்றுப்போனது. மறு ஆண்டு மன்னர் சிகிஸ்முண்ட், தன் போர்களில் துணை நின்ற மைசன் ஆட்சியாளர் ஃபிரடெரிக்குக்கு விட்டன்பர்க் நிலத்தையும் தேர்வாளர் பதவியையும் அளித்தார். மைசனும் துரிங்கியாவும் ஆண்டுகொண்டிருந்த குடும்பத்துக்கு விட்டன்பர்க் ஒரு சிறிய கூடுதல்தான், ஆனால் அதோடு வந்த பட்டம் அவர்களிடம் இருந்த எல்லாவற்றையும்விட உயர்ந்தது. எனவே குடும்பத்தார் அனைவரும் சாக்சனி டியூக்குகள் ஆனார்கள். காலப்போக்கில் அவர்களுடைய நிலங்களும் சாக்சனி என்றே அழைக்கப்பட்டன. இன்றைய சாக்சனி மாநிலத்தின் தலைநகரான ட்ரெஸ்டன் பழைய சாக்சனிக்குள் ஒருநாளும் இருந்ததில்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: வெட்டின் என்பது குடும்பம். மைசனும் துரிங்கியாவும் அவர்கள் பெற்ற நிலங்கள். சாக்சனி 1423-இல் அவர்களுக்குக் கிடைத்த பட்டம், அது பின்னர் நிலத்தின் பெயராகவும் படிந்துவிட்டது.

1485: அண்ணன் பிரித்தார், தம்பி தேர்ந்தார்

அந்த ஃபிரடெரிக்கின் பேரன்கள் எர்னஸ்ட், ஆல்பிரெக்ட். சிறுவர்களாக இருந்தபோது, 1455 ஜூலையில், குன்ஸ் ஃபோன் கௌஃபுங்கன் என்ற பிரபு தனக்குச் சேர வேண்டியது கிடைக்கவில்லை என்ற கோபத்தில் இருவரையும் ஆல்டன்பர்க் கோட்டையிலிருந்து இரவோடு இரவாகக் கடத்திப் போனார். சில நாட்களில் இருவரும் மீட்கப்பட்டார்கள், குன்ஸின் தலை ஃபிரைபெர்க்கில் வெட்டப்பட்டது. பின்னாளில் இரண்டு பெருங்கிளைகளின் மூலவர்களாகப் போகிறவர்கள் ஒரே இரவில் ஒன்றாகத் தூக்கிச் செல்லப்பட்டார்கள் என்பதால் இந்த நிகழ்ச்சி ஜெர்மானிய வரலாற்றில் நிலைத்துவிட்டது.

இரு சகோதரர்களும் 1464 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்தே ஆண்டார்கள். பிறகு மனக்கசப்பு வந்தது. 1485-இல் லைப்சிக்கில் பாகப்பிரிவினை நடந்தது. மூத்தவர் பிரிக்க, இளையவர் தேர்ந்தெடுப்பது வழக்கம். பிரிப்பவருக்கு எந்தப் பங்கு வருமென்று தெரியாது, ஆகவே நேர்மையாகப் பிரிப்பார் என்பது அதன் நியாயம். எர்னஸ்ட் பிரித்தார், ஆல்பிரெக்ட் மைசனை மையமாகக் கொண்ட பங்கைத் தேர்ந்தார். துரிங்கியாவின் பெரும்பகுதி எர்னஸ்டிடம் நின்றது. விட்டன்பர்க்கும் தேர்வாளர் பதவியும் பிரிவினைக்கு அப்பாற்பட்டவை, மூத்தவர் என்ற முறையில் எர்னஸ்டுக்கே உரியவை. மலைப்பகுதி வெள்ளிச் சுரங்க வருவாய் மட்டும் இருவருக்கும் பொதுவாக வைக்கப்பட்டது. நம் கதையின் கிணறு அது.

இரு பங்குகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும்படி எல்லைகள் போடப்பட்டன. குடும்பம் முற்றாகப் பிரிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் இருந்தது. பலித்ததோ நேர்மாறானது. எல்லைத் தகராறு அடுத்த தலைமுறைக்கே நிரந்தரச் சொத்தாகிவிட்டது. எர்னஸ்டின் வழி வந்தவர்கள் எர்னஸ்டின் கிளை, ஆல்பிரெக்டின் வழி வந்தவர்கள் ஆல்பர்டின் கிளை. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1547: மரியாதை கைமாறியது

எர்னஸ்டின் மகன் ஞானி ஃபிரடெரிக் 1502-இல் விட்டன்பர்க்கில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார். அதில் பேராசிரியராக இருந்த மார்ட்டின் லூதர் 1517-இல் தொடங்கிய வாதம் மேற்கு ஐரோப்பியத் திருச்சபையைப் பிளந்தது. லூதருக்கு உயிராபத்து வந்தபோது 1521-இல் வார்ட்பர்க் கோட்டையில் அவரை மறைத்து வைத்தவரும் இந்த ஃபிரடெரிக்தான். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருவருடைய பாதுகாப்பில் இருந்த ஆளைத் தொடுவது எளிதாக இல்லை.

அடுத்தடுத்த எர்னஸ்டின் தேர்வாளர்கள் சீர்திருத்தத் திருச்சபையின் காவலர்களாக நின்றார்கள். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கத்தோலிக்கர். மோதல் போரானபோது ஆல்பர்டின் கிளையின் மோரிட்ஸ் தன் பங்காளியை விட்டுப் பேரரசர் பக்கம் சாய்ந்தார். இத்தனைக்கும் மோரிட்ஸும் புராட்டஸ்டன்ட் மதத்தவர்தான். அவருக்குக் காட்டப்பட்ட பரிசு தேர்வாளர் பதவி. 1547 ஏப்ரல் 24 அன்று எல்பே கரையில் மூல்பெர்க்கில் எர்னஸ்டின் தேர்வாளர் யோஹான் ஃபிரடெரிக் தோற்றுச் சிறைப்பட்டார். விட்டன்பர்க்கும் தேர்வாளர் பதவியும் மோரிட்ஸிடம் போயின. சக புராட்டஸ்டன்ட்டுகள் மோரிட்ஸை 'மைசன் யூதாஸ்' என்று திட்டினார்கள். அந்த வசைக்கு அவர் தகுதியானவர் என்றே எனக்குத் தோன்றுகிறது, பிற்பாடு அவர் பேரரசரையே எதிர்த்து எழுந்தார் என்றாலும்.

இங்கிருந்து இரு கிளைகளின் வாழ்வும் வேறு வேறு. ஆல்பர்டின்கள் ட்ரெஸ்டனிலிருந்து ஒரு பெரிய நாட்டை ஆண்டார்கள். பலசாலி அகஸ்டஸ் 1697-இல் போலந்து மன்னருமானார், மைசனில் 1710-இல் ஐரோப்பாவின் முதல் பீங்கான் ஆலையை நிறுவினார். நெப்போலியன் காலத்தில், 1806-இல், இக்கிளையின் நாடு முடியரசாக உயர்ந்தது. 1815-இல் வியன்னா மாநாடு அதில் பாதிக்கு மேற்பட்ட நிலத்தைப் பறித்துப் பிரஷ்யாவுக்குக் கொடுத்தது. பட்டம் பிறந்த விட்டன்பர்க்கும் அதில் போய்விட்டது.

தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து தமிழ் அச்சு வரலாற்றில் இடம்பெற்ற சீகன்பால்க், ட்ரெஸ்டனுக்கு அருகில் உள்ள புல்ஸ்னிட்ஸில் 1682-இல் பிறந்தவர். பிறப்பால் அவர் ஆல்பர்டின் தேர்வாளரின் குடிமகன், படித்தது பிராண்டன்பர்க் ஆட்சியில் இருந்த ஹாலேயில், அனுப்பியவர் டென்மார்க் மன்னர். அவரை வெறுமனே 'ஜெர்மனியிலிருந்து வந்தவர்' என்று எழுதும்போது இத்தனை ஆட்சிகளும் மறைந்துவிடுகின்றன.

ஏழு மகன்களின் தந்தை

தோற்ற எர்னஸ்டின்களுக்குத் துரிங்கியாவில் வைமார், ஐசனாக், கோத்தா, கோபர்க் போன்ற ஊர்கள் மிஞ்சின. சாக்சனி டியூக் என்ற பட்டம் மட்டும் எல்லா மகன்களுக்கும் தொடர்ந்தது. இங்கிலாந்தில் டியூக் பட்டம் மூத்த மகனுக்கு மட்டும் போகும். ஜெர்மானிய இளவரசக் குடும்பங்களில் பிள்ளைகள் அனைவருக்கும் தந்தையின் பட்டம் உண்டு. ஆகவே ஒவ்வொரு மகனும் 'சாக்சனி டியூக்'. யார் எவர் என்று பிரித்தறிய, அவரவர் அரண்மனை இருந்த ஊரின் பெயரைப் பின்னால் சேர்த்தார்கள். சாக்ஸ்-வைமார் என்றால் வைமாரில் குடியிருக்கும் சாக்சனிப் பங்காளி என்று பொருள் கொள்ளலாம். அந்த ஊர் இன்றைய சாக்சனியில் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆல்பர்டின்கள் பிரித்துக்கொண்டே போகவில்லையே, ஏன்? ஆல்பிரெக்ட் 1499-லேயே தன் முக்கிய நிலங்களைப் பிரிக்காமல் மூத்த மகனுக்கு விட ஏற்பாடு செய்துவிட்டார். இதைத் தலைமகன் உரிமை என்பார்கள். எர்னஸ்டின் கிளைகள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டு வரை அதை ஏற்கவில்லை. எல்லா மகன்களும் சமம் என்ற உணர்வு அவர்களிடம் வலுவாக இருந்தது. தந்தை என்ற நிலையில் அது நியாயம், ஆட்சியாளர் என்ற நிலையில் அழிவு.

கோத்தாவை 1640 முதல் ஆண்ட பக்திமான் எர்னஸ்டின் குடும்பத்தில் இது உச்சத்தைத் தொட்டது. முப்பதாண்டுப் போரில் சிதைந்த நாட்டை அவர் பொறுமையாகக் கட்டியெழுப்பினார். எல்லாக் குழந்தைகளும் பள்ளி செல்ல வேண்டும் என்று 1642-லேயே விதி வகுத்தார், ஃபிரீடன்ஸ்டைன் என்ற பெரிய அரண்மனையை எழுப்பினார். 1675-இல் அவர் இறந்தபோது உயிரோடிருந்த மகன்கள் ஏழு பேர். மூத்தவரின் தலைமையில் ஏழு பேரும் சேர்ந்து ஆள வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். சில ஆண்டுகள் முயன்று பார்த்து, ஒத்துவராமல், 1680 வாக்கில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கோத்தா-ஆல்டன்பர்க், கோபர்க், மைனிங்கன், ரோம்ஹில்ட், ஐசன்பெர்க், ஹில்ட்பர்க்ஹௌசன், சால்ஃபெல்ட் என்று ஏழு ஆட்சிகள் தோன்றின. இளையவர்கள் சிலருக்கு முழு அதிகாரம் கிடைக்கவில்லை, கோத்தாவின் மேற்பார்வை தொடர்ந்தது.

ஏழில் மூன்று சீக்கிரமே முடிந்துபோயின. கோபர்க் 1699-இலும், ஐசன்பெர்க் 1707-இலும், ரோம்ஹில்ட் 1710-இலும் ஆண் வாரிசின்றி அற்றுப்போயின. ஐசன்பெர்க்கின் கிறிஸ்டியான் ரசவாத ஆராய்ச்சியில் பணத்தைக் கரைத்துக் கடனை விட்டுச்சென்றார். மூன்று பங்குகளையும் யார் எடுத்துக்கொள்வது என்ற வழக்கு 1735 வரை இழுத்தது. 1825-இல் கோத்தாவின் மூத்த கிளையும் அற்றுப்போனது. இம்முறை ஆல்பர்டின் கிளையைச் சேர்ந்த சாக்சனி மன்னர் நடுவராக இருந்து 1826-இல் எல்லாவற்றையும் மறுபங்கீடு செய்தார். ஹில்ட்பர்க்ஹௌசன் டியூக் தன் நாட்டையே விட்டுக்கொடுத்து ஆல்டன்பர்க்குக்குக் குடிபெயர்ந்தார். கோபர்க் டியூக் சால்ஃபெல்டை மைனிங்கனுக்குக் கொடுத்துவிட்டுக் கோத்தாவைப் பெற்றார். சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்ற பெயர் பிறந்தது அப்போதுதான். இரண்டும் ஒட்டாத நிலங்கள், நடுவே துரிங்கியக் காடு. மொத்தப் பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

சுருக்கமாக: பட்டம் எல்லா மகன்களுக்கும் போனதால் 'சாக்ஸ்' பெருகியது. தலைமகன் உரிமை தாமதமானதால் நிலம் சிதறியது. கூட்டுரிமை இருந்ததால் சிதறிய நிலம் குடும்பத்துக்குள்ளேயே மறுபடி சேர்ந்தது.

சிறிய அரண்மனைகளின் விலை

இத்தனை டியூக்குகளால் யாருக்கு என்ன பயன்? போரில் வெல்ல முடியாத சிற்றரசர்கள் இசையிலும் நூலகத்திலும் நாடகத்திலும் போட்டியிட்டார்கள். இசைமேதை பாக் 1685-இல் ஐசனாக்கில் பிறந்தார், 1708 முதல் வைமாரில் பணியாற்றினார். அப்போது வைமாரை ஒரு டியூக்கும் அவருடைய தம்பி மகனும் கூட்டாக ஆண்டார்கள், இருவருக்கும் ஆகாது. 1717-இல் பாக் வேறு அரசவையில் வேலை கிடைத்து விடுவிக்கும்படி வற்புறுத்தியபோது, மூத்த டியூக் வில்ஹெல்ம் எர்னஸ்ட் அவரை ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் அடைத்துவிட்டுத்தான் வெளியே அனுப்பினார்.

1775-இல் கவிஞர் கெதே வைமாருக்கு வந்தார், இளம் டியூக் கார்ல் ஆகஸ்ட் அவரை ஆட்சிப் பணியிலும் அமர்த்தினார். சிறுவயது மகனுக்காக அதுவரை ஆட்சியை நடத்திய தாய் அன்னா அமாலியாதான் அந்த அரசவையின் அறிவுச் சூழலை வளர்த்தவர். மைனிங்கனில் இரண்டாம் கியோர்க் டியூக் தன் நாடகக் குழுவை 1874 முதல் ஐரோப்பா முழுவதும் அனுப்பி மேடைக்கலையின் போக்கையே மாற்றினார்.

இந்தப் பெருமைகளைச் சொல்லும்போது செலவு செய்தவர்களையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு டியூக்குக்கும் அரண்மனை, காவற்படை, அதிகாரிகள், வேட்டைக் காடு வேண்டியிருந்தன. சில ஆயிரம் குடும்பங்களின் வரியில் அவை நடந்தன. வைமாரின் எர்னஸ்ட் ஆகஸ்ட் அளவுமீறிய படையும் அரண்மனைகளும் வைத்துக் கருவூலத்தைக் காலியாக்கினார். பாக்கின் இசைக்கு முன்னால் இதை மறந்துவிடுகிறோம், அன்றைய விவசாயி மறந்திருக்க முடியாது.

கோபர்க் திருமணங்கள்

கோபர்க் டியூக் ஃபிரான்ஸ் 1806-இல் இறந்தபோது நாடு கடனில் இருந்தது. பிள்ளைகளோ நல்ல இடங்களில் மணம் முடித்தார்கள். ஒரு மகள் ரஷ்ய இளவரசரை மணந்தார். இன்னொரு மகள் விக்டோரியா இங்கிலாந்தின் கென்ட் டியூக்கை மணந்து, அரசி விக்டோரியாவுக்குத் தாயானார். இளைய மகன் லியோபோல்ட் 1831-இல் பெல்ஜியத்தின் முதல் மன்னரானார். இன்னொரு மகன் ஹங்கேரியச் செல்வக் குடும்பத்தில் மணந்தார், அந்த வழியில் போர்ச்சுகல் மன்னர்களும் பல்கேரிய ஆட்சியாளர்களும் வந்தார்கள். மூத்த மகனின் இரண்டாம் பிள்ளை ஆல்பர்ட், 1840-இல் தன் அத்தை மகளான அரசி விக்டோரியாவை மணந்தார். பெரிய வல்லரசுகளுக்கு இந்த மாப்பிள்ளைகள் பிடித்துப்போனதற்குக் காரணம் இருந்தது. பட்டம் உயர்ந்தது, நாடு சிறியது, அதனால் யாருக்கும் அச்சமில்லை.

இப்போது முதலில் சொன்ன பேச்சுக்கு வரலாம். அரசி விக்டோரியா ஹனோவர் வம்சத்தவர். அதுவும் ஜெர்மானிய வம்சம்தான், 1180-இல் சாக்சனியை இழந்த சிங்க ஹென்றியின் வழித்தோன்றல்கள். வம்சப் பெயர் தந்தை வழியில் வருவதால், அவருடைய மகன் ஏழாம் எட்வர்ட் 1901-இல் அரியணை ஏறியபோது பிரிட்டனில் சாக்ஸ்-கோபர்க்-கோத்தா தொடங்கியது. அவர் இந்தியப் பேரரசருமாக இருந்ததால், அக்காலத்தில் தமிழகத்தில் புழங்கிய வெள்ளி ரூபாயில் பொறிக்கப்பட்ட முகமும் வெட்டின் வழி வந்ததுதான். ஆனால் அவர்கள் யாரும் கோபர்க்கை ஆண்டுகொண்டே பிரிட்டனை ஆளவில்லை. வந்தது குடும்பப் பெயர் மட்டும்.

முதல் உலகப் போரில், 1917-இல் லண்டன்மீது குண்டு வீசிய ஜெர்மானிய விமானங்கள், கோத்தா நகரத்து ஆலையின் தயாரிப்பு என்பதால், 'கோத்தா' என்றே அழைக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூலை 17 அன்று ஐந்தாம் ஜார்ஜ் வம்சப் பெயரை விண்ட்சர் என்று மாற்றினார். பெல்ஜியத்தில் லியோபோல்டின் வழி வந்தவர்கள் இன்றும் ஆள்கிறார்கள்.

டியூக்குகள் போன பிறகு

1918 நவம்பரில் ஜெர்மனியின் எல்லா முடிகளும் விழுந்தன, வெட்டின்களின் ஐந்தும் சேர்த்து: சாக்சனி முடியரசு, வைமார், மைனிங்கன், ஆல்டன்பர்க், கோபர்க்-கோத்தா. கோபர்க்கின் கடைசி டியூக் கார்ல் எட்வர்ட் அரசி விக்டோரியாவின் பேரன், இங்கிலாந்தில் பிறந்தவர். போரில் ஜெர்மனியின் பக்கம் நின்றதால் பிரிட்டிஷ் பட்டங்களை இழந்தார், பின்னர் நாஜிக்களோடு சேர்ந்தார்.

துரிங்கியாவின் சிறு நாடுகள் 1920 மே மாதம் ஒரே மாநிலமாக இணைந்தன. கோபர்க் மட்டும் இணையவில்லை. 1919 நவம்பர் 30 அன்று அங்கே நடந்த வாக்கெடுப்பில் சுமார் 88 சதவீதம் பேர் துரிங்கியாவோடு சேர மறுத்தார்கள். மறு ஆண்டு ஜூலையில் கோபர்க் பவேரியாவில் சேர்ந்தது. கோத்தா துரிங்கியாவில் நின்றது. 1945-இல் துரிங்கியா சோவியத் ஆட்சிக்குள் போய்க் கிழக்கு ஜெர்மனியின் பகுதியானது, பவேரியா மேற்கில் இருந்தது. 1826-இல் பங்காளிகள் ஒரே பெயரில் சேர்த்துவைத்த இரண்டு நகரங்களுக்கும் இடையே 1990 வரை ஒரு நாட்டின் எல்லை ஓடியது.